குடலின் பொறை

நுழையும்முன்

நாள்தோறும் உண்கிறோம். உண்டவை அனைத்தும் நம் உடலுக்கு அயற்பொருள்களே. அயற்பொருளைக் கண்டால் எதிர்க்க வேண்டிய உயிரணுக்கள் குடலில் மட்டும் பெரும்பாலும் அமைதி காக்கின்றன. அவ்வமைதி எவ்வாறு உண்டாகிறது, எப்போது குலைகிறது என்பதை இவ்வறிவியல் கட்டுரை விளக்குகிறது.

உரைப்பகுதி

கட்சால் தீவில் நண்பகல். பள்ளித் திண்ணையில் மூன்று மாணவர்கள் உணவுப் பாத்திரங்களைத் திறக்கின்றனர். ரப்பர்த் தோட்டக் குடியிருப்பிலிருந்து வரும் மாணவியின் பாத்திரத்தில் சோறும் மீன்குழம்பும் இருக்கின்றன. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின்னர் இலங்கையிலிருந்து திரும்பி இத்தீவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவள் அவள். அருகில் அமர்ந்திருக்கும் நிக்கோபாரிய மாணவன் தாழையினப் பழத்தை வேகவைத்துப் பிசைந்த களியையும் தேங்காய்த் துண்டுகளையும் கொண்டுவந்திருக்கிறான். மூன்றாமவன் வடமாநிலத்திலிருந்து மாற்றலாகி வந்த அலுவலரின் மகன்; அவனிடம் சப்பாத்தி. பாத்திரங்கள் கைமாறுகின்றன. கால் மணி நேரத்தில் மீனின் புரதமும் தேங்காயின் புரதமும் கோதுமையின் புரதமும் மூவர் வயிற்றிலும் சேர்ந்துவிடுகின்றன.

இப்புரதங்களில் ஒன்றை ஊசி வழியாகத் தோலுக்கடியில் மீண்டும் மீண்டும் செலுத்தினால் உடல் அதை அயலானாக அறிந்து எதிர்ப்பொருள்களை உருவாக்கக்கூடும். வாய்வழியே சென்றால் ஏன் அவ்வாறு நிகழ்வதில்லை? செரிமானத்தில் புரதம் சிதைந்துவிடுவதால் என்று நீங்கள் விடை கூறலாம். அவ்விடை பாதியே சரி. சிதையாத புரதத் துணுக்குகள் சிறிதளவேனும் குடற்சுவரைக் கடந்து குருதியை அடைகின்றன என்பது சோதனைகளால் உறுதியான செய்தி. எனவே, உடல் அவற்றைக் காணாமல் விடவில்லை, கண்டும் பொறுத்துக்கொள்கிறது.

இதனை முதன்முதலில் தெளிவாகக் காட்டியவர்களுள் ஒருவர் அமெரிக்க மருத்துவ அறிஞர் கிடியன் வெல்ஸ். 1911ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஆய்வில் கினிப்பன்றிகள் இடம்பெற்றன. கோழிமுட்டைப் புரதத்தை ஊசி வழியாக ஒருமுறை செலுத்திச் சில வாரங்கள் கழித்து மறுபடியும் செலுத்தினால் அவ்விலங்குகள் கடும் ஒவ்வாமையால் மூச்சுத்திணறி மடிவதுண்டு. ஆனால், அதே புரதத்தை முன்கூட்டியே உணவாக உண்டு பழகிய விலங்குகளுக்கு அத்தீங்கு நேரவில்லை. உண்ட பொருளை உடல் ‘கற்று’ வைத்திருந்தது. கற்றது எதிர்ப்பை அன்று, பொறுத்தலை.

இங்கே ஒரு சொல்லைப் பற்றி நின்று பேச வேண்டும். இப்பண்பைக் குறிக்கச் ‘சகிப்புத்தன்மை’ என்னும் சொல்லைப் பலர் ஆள்கின்றனர். இப்பாடத்தில் ‘பொறை’ என்னும் பழந்தமிழ்ச் சொல் ஆளப்படுகிறது. ‘பொறு’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த இச்சொல்லுக்குப் பொறுமை என்றும் பொருள் உண்டு. சுமை என்றும் பொருள் உண்டு. திருக்குறளில் ‘பொறையுடைமை’ என ஓர் அதிகாரமே இருப்பதை நீங்கள் அறிவீர்கள். சுமப்பதும் பொறுப்பதும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது குடலின் செயலுக்கு மிகப் பொருத்தமானது. அதன் காரணம் பாடத்தின் பிற்பகுதியில் விளங்கும்.

நம் பாடநூல்கள் நோயெதிர்ப்பைப் போராகவே எழுதிப் பழகிவிட்டன: கோட்டை, படைவீரர், பகைவர், வெற்றி. புண்ணில் புகும் கிருமிக்கு அவ்வுவமை பொருந்தலாம். குடலுக்கு அது நெடுந்தூரம் வாராது. கட்சாலின் படகுத்துறையை நினைத்துக்கொள்ளுங்கள். இத்தீவுக்கு வருவோரின் அனுமதிச்சீட்டு சரிபார்க்கப்படுகிறது. கப்பலில் வந்திறங்கும் அரிசி மூட்டையும் மண்ணெண்ணெய்ப் பீப்பாயும் ஆசிரியரும் உறவினரும் உள்ளே வர வேண்டியவர்கள். அவர்களைத் தடுத்தால் தீவு பட்டினி கிடக்கும். வரக்கூடாத ஒருவர் வந்தால் மட்டுமே தடுக்க வேண்டும். துறையில் நிற்பவரின் பணியில் பெரும்பகுதி உள்ளே விடுவதுதான். குடலின் நோயெதிர்ப்பு உயிரணுக்களுடைய பணியும் அத்தகையதே.

அத்துறை எவ்வளவு பெரியது? குடலின் உட்பரப்பை விரித்தால் ஒரு டென்னிஸ் ஆடுகளத்தை மூடும் என்று பல நூல்கள் இன்றும் கூறுகின்றன. 2014ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் மீண்டும் அளந்து, அது ஏறத்தாழ 30 முதல் 40 சதுர மீட்டர், அதாவது பூப்பந்து ஆடுகளத்தில் பாதியளவே எனக் கணக்கிட்டனர். அதுவும் சிறிதன்று, நம் தோலின் பரப்போ ஏறத்தாழ 2 சதுர மீட்டர்தான். உடலில் வாழும் பாக்டீரியங்களின் எண்ணிக்கையும் இவ்வாறே திருத்தம் பெற்றது. மனித உயிரணுக்களைப் போல் பத்து மடங்கு என்று சொல்லப்பட்டு வந்ததை, 2016ஆம் ஆண்டுக் கணக்கீடு ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியங்கள், 30 லட்சம் கோடி மனித உயிரணுக்கள் எனத் திருத்தியது. அப்பாக்டீரியங்களில் மிகப்பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. இத்தனைக்கும் நமக்கும் இடையே சுவராக நிற்பது ஒற்றை அடுக்கு உயிரணுக்கள் மட்டுமே. அவையும் சில நாள்களுக்கொருமுறை உதிர்ந்து புதியனவாகின்றன.

ஒற்றை அடுக்குச் சுவர் தாங்குவதற்கு முதற்காரணம் கோழைப்படலம். குடற்சுவரிலுள்ள கிண்ண வடிவ உயிரணுக்கள் இதனைச் சுரக்கின்றன. பெருங்குடலில் இப்படலம் இரண்டு அடுக்காக இருக்கிறது. வெளியடுக்கில் பாக்டீரியங்கள் வாழ்கின்றன. சுவரை ஒட்டிய உள்ளடுக்கில் அவை ஏறத்தாழ இல்லை. முதல் தந்திரம் மிக எளியது: அண்டாமல் வைத்தால் சண்டை இல்லை.

இரண்டாவது, ஐ.ஜி.ஏ. எனப்படும் எதிர்ப்பொருள். நம் உடல் உருவாக்கும் பிற எதிர்ப்பொருள்கள் அனைத்தையும் கூட்டினாலும் இதன் அளவுக்கு ஈடாகாது. நாள்தோறும் சில கிராம் ஐ.ஜி.ஏ. குடலுக்குள் சுரக்கிறது. இது கிருமிகளையும் அவற்றின் நஞ்சுகளையும் பற்றிக்கொண்டு சுவரில் ஒட்டவிடாமல் செய்கிறது. பிற எதிர்ப்பொருள்கள் பலவற்றைப் போல அழற்சியைத் தூண்டிவிடும் இயல்பு இதற்கு மிகக் குறைவு. சந்தடியின்றிக் கையைப் பிடித்து வெளியே அழைத்துச் செல்லும் காவலர் போன்றது. தாயின் சீம்பாலில் இது மிகுந்திருக்கிறது; தன் குடலில் ஐ.ஜி.ஏ. சுரக்கத் தொடங்கும் வரை குழந்தை தாயிடமிருந்து இதனைக் கடன் பெறுகிறது.

மூன்றாவது செயலே இப்பாடத்தின் மையம். சிறுகுடலின் சுவரில் ஆங்காங்கே நிணநீர்த் திசுத் திட்டுகள் உள்ளன. 1677ஆம் ஆண்டு அவற்றை விரிவாக எழுதிய சுவிட்சர்லாந்து மருத்துவர் பேயரின் பெயரால் அவை ‘பேயர் திட்டுகள்’ எனப்படுகின்றன. அங்கும், குடற்சுவரின் பிற இடங்களிலும், கிளைகள் போன்ற நீட்சிகளையுடைய கிளைச்செல்கள் காத்திருக்கின்றன. குடலைக் கடந்துவரும் உணவுத் துணுக்குகளையும் பாக்டீரியத் துணுக்குகளையும் இவை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குப் பயணம் செய்கின்றன. அங்கே இளம் டி செல்களிடம் அத்துணுக்கைக் காட்டுகின்றன. காட்டும் முறையில்தான் அனைத்தும் அடங்கியிருக்கிறது. ஆபத்தின் அறிகுறிகளோடு காட்டினால் டி செல் தாக்கும் செல்லாக வளரும். அமைதியான சூழலில், வைட்டமின் ஏ–யிலிருந்து உருவாகும் ஓர் அமிலமும் டி.ஜி.எஃப். பீட்டா என்னும் வேதித்தூதும் உடனிருக்கக் காட்டினால், அதே டி செல் ‘ஒழுங்குபடுத்தும் டி செல்’லாக வளரும். இது குடற்சுவருக்குத் திரும்பி, பிற செல்கள் கிளர்ந்தெழாமல் தணிக்கிறது.

முருங்கைக்கீரையும் பப்பாளியும் கண்ணுக்கு நல்லவை என்று மட்டுமே நமக்குச் சொல்லித் தந்தனர். அவற்றிலிருந்து கிடைக்கும் வைட்டமின் ஏ, குடலின் பொறைக்கும் ஒரு கருவி என்பது அண்மைக்கால அறிவு. இன்னொரு கருவி நார்ச்சத்து. நம்மால் செரிக்க இயலாத நாரைப் பெருங்குடல் பாக்டீரியங்கள் புளிக்கச் செய்து, பியூட்டிரிக் அமிலம் போன்ற சிறு அமிலங்களை உண்டாக்குகின்றன. இவ்வமிலம் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் பெருக உதவுவதை 2013ஆம் ஆண்டு வெளிவந்த எலி ஆய்வுகள் காட்டின. எனவே பொறை நம் உயிரணுக்களின் பண்பு மட்டுமன்று. உடன்வாழும் நுண்ணுயிர்களும் அதில் பங்காளிகள்.

ஒழுங்குபடுத்தும் டி செல் கண்டறியப்பட்ட வரலாறு சுவையானது. எதிர்ப்பை அடக்குவதற்கென்றே ஒரு செல் இருக்கிறது என்னும் கருத்து 1980களில் ஏறத்தாழக் கைவிடப்பட்டிருந்தது. ஜப்பானிய அறிஞர் ஷிமோன் சகாகுச்சி அதனை விடாமல் தொடர்ந்து, 1995ஆம் ஆண்டு அச்செல்களை இனங்காட்டினார். மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகிய அமெரிக்க அறிஞர்கள் வேறொரு வழியில் வந்தனர். தோல் செதிலாகி இளமையிலேயே இறக்கும் ஒருவகை எலிகளில் பழுதான மரபணு எது என்று தேடி, 2001ஆம் ஆண்டு ஃபாக்ஸ்–பி3 என்னும் மரபணுவைக் கண்டனர். அம்மரபணு பழுதான ஆண்குழந்தைகளும் உலகில் அரிதாகப் பிறக்கின்றனர். பிறந்த சில மாதங்களிலேயே ஓயாத வயிற்றுப்போக்கு, தோல் அழற்சி, நீரிழிவு ஆகியவை அவர்களை வருத்துகின்றன. ஒழுங்குபடுத்தும் செல்கள் செயலிழந்தால் முதலில் பாதிக்கப்படும் இடங்களுள் குடல் ஒன்று என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டியதில்லை. மூவருக்கும் 2025ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பொறை முழுவதும் அழியாமல் ஓர் உணவின்மீது மட்டும் குலைவதும் உண்டு. மூன்றாம் மாணவனின் சப்பாத்தியிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தைச் சிலருடைய குடல் பொறுப்பதில்லை; அது குடற்சுவரின் விரல் போன்ற உறிஞ்சிகளைத் தேய்த்துவிடுகிறது. இது சீலியாக் நோய் எனப்படும். இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் 23,000–க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2016இல் வெளிவந்தது. வடபகுதியில் நூற்றுவருக்கு ஒருவர் என்னும் அளவைச் சற்றே கடந்திருந்த இந்நோய், தென்பகுதியில் ஆயிரவருக்கு ஒருவர் அளவிலேயே இருந்தது. நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணு வகைகளோ மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் காணப்பட்டன. ஆகவே தென்னாட்டவர் குடல் இயல்பிலேயே மேம்பட்டது என்று பெருமை கொள்ள இடமில்லை. நாம் கோதுமையை மிகக் குறைவாக உண்டோம், அவ்வளவே. எனினும் உணவளவு ஒன்றே காரணமன்று. கோதுமை குறைவாக உண்ணும் வடகிழக்கில் நோய் தெற்கைவிட மிகுந்திருந்தது.

இனி, சுமையைப் பற்றிப் பேசலாம். 1960களில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி.ஐ. மாத்தன் முதலிய மருத்துவர்கள் தென்னிந்தியச் சிற்றூர் மக்களின் சிறுகுடலை ஆராய்ந்தனர். அவர்கள் தேடியது ஒரு நோயை. ஆனால் நோயற்றவர்களிடமும் மாற்றத்தைக் கண்டனர். விரல் போல நீண்டிருக்க வேண்டிய குடலுறிஞ்சிகள் இலை போல அகன்று குட்டையாக இருந்தன. சுவரில் வெள்ளையணுக்கள் மிகுந்திருந்தன. இது பிறவியமைப்பு அன்று. பிறக்கும் முன் அவ்வுறிஞ்சிகள் விரல் போலவே இருந்தன என்பதும் வேலூரிலேயே கண்டறியப்பட்டது. அக்காலத்தில் பாகிஸ்தானில் தங்கிப் பணியாற்றிய அமெரிக்க இளைஞர்களின் குடலும் இவ்வாறு மாறியது. நாடு திரும்பியபின் மெல்ல மெல்லப் பழைய நிலையை அடைந்தது. ஆகவே குற்றம் இனத்திலோ மரபிலோ இல்லை, சூழலில் இருந்தது. மாசுற்ற நீரிலும் உணவிலும் வரும் கிருமிகளின் ஓயாத வரவு, குடலில் தணியா அழற்சியை உண்டாக்கி வைத்திருந்தது. வெளியே நோய் தெரிவதில்லை. ஆயினும் உண்டது உடலில் ஒட்டுவதில்லை. குழந்தை உயரம் குறைகிறது. படகுத்துறையில் நாள்தோறும் நூறு பேர் சண்டையிட்டால் அரிசி மூட்டை எப்படி இறங்கும்?

இதன் விளைவு தடுப்பு மருந்துகளிலும் வெளிப்பட்டது. போலியோ சொட்டு மருந்தை மூன்று முறை பெற்ற மேலைநாட்டுக் குழந்தைகளில் மிகப்பெரும்பாலோர் பாதுகாப்புப் பெற்றனர். வேலூரில் அவ்வாறு நிகழவில்லை என்பதை 1970களில் ஜேக்கப் ஜான் எடுத்துக்காட்டினார். மருந்து ஒன்றே; சொட்டும் ஒன்றே. பின்னாளில் இந்தியா போலியோவை ஒழிக்க, சில மாநிலங்களில் ஒரே குழந்தைக்குப் பலமுறை சொட்டு மருந்து தர நேர்ந்தது. 2011ஆம் ஆண்டு ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கடைசி நோயாளி கண்டறியப்பட்டார். 2014ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் போலியோ அற்ற நாடென்னும் சான்று நமக்குக் கிடைத்தது.

குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்குக்குக் காரணமான ரோட்டா வைரசின் கதையும் இதையொத்தது. 1980களில் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில், எந்த நோயுமின்றி இந்த வைரசைக் குடலில் சுமந்திருந்த பச்சிளங்குழந்தைகளை மகாராஜ் கிஷன் பான் தலைமையிலான குழுவினர் கண்டனர். குழந்தையின் குடல் பொறுத்துக்கொண்ட அந்த வைரசு வகையே பின்னர் ‘ரோட்டாவாக்’ என்னும் இந்தியத் தடுப்பு மருந்தாயிற்று. தில்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டபோது, கடும் நோயை ஏறத்தாழ 55 விழுக்காடு தடுத்தது. செல்வ நாடுகளில் இத்தகைய தடுப்பு மருந்துகள் 85 விழுக்காட்டுக்கு மேல் தடுக்கின்றன. வேலூரில் 373 குழந்தைகளைப் பிறப்பு முதல் மூன்றாண்டுகள் பின்தொடர்ந்த ககன்தீப் காங் முதலியோர், இயற்கையாக மூன்று முறை இத்தொற்று வந்துபோன பின்னரும் பாதுகாப்பு 79 விழுக்காடே எனக் கண்டனர். தாயின் எதிர்ப்பொருள், உடன் வாழும் பிற வைரசுகள், ஊட்டக்குறை, முன்கூறிய தணியா அழற்சி எனக் காரணங்கள் பல. 55 விழுக்காடு குறைவென்று அதனை ஒதுக்குவோர் கணக்கறியாதவர். நோய் மிகுந்த நாட்டில் அவ்வளவே பல்லாயிரம் உயிர்களைக் காக்கும்.

நீரையும் கழிப்பறையையும் சீர்செய்தால் எல்லாம் சரியாகிவிடுமா? வங்காளதேசத்திலும் கென்யாவிலும் நடந்து 2018இல் வெளிவந்த பெரிய ஆய்வுகள் எளிய விடையைத் தரவில்லை. கைகழுவுதல், நீர்த்தூய்மை, மேம்பட்ட கழிப்பறை ஆகியன வங்காளதேசத்தில் வயிற்றுப்போக்கைக் குறைத்தன. இரு நாடுகளிலும் குழந்தைகளின் உயரத்தைக் கூட்டவில்லை. சுமையைச் சற்றே இறக்கினால் போதாது, பேரளவில் இறக்க வேண்டும் என்று பலர் கருதுகின்றனர்.

நம் தீவுக்கூட்டமும் இதற்கு வெளியே இல்லை. 2002ஆம் ஆண்டு நான்கவுரித் தீவுகளில் நிக்கோபாரிய மக்களிடையே வாந்திபேதி பரவியது. அக்கிருமி குடற்சுவரைத் துளைப்பதில்லை. சுவரின்மீது ஒட்டி நஞ்சை உமிழ்ந்து, உடலின் உப்பையும் நீரையும் குடலுக்குள் கொட்டச் செய்கிறது. அவ்வேளையில் குடல் பொறுக்கலாகாது. கோடிக்கணக்கான நட்பு நுண்ணுயிர்களுக்கு நடுவே அவ்வொன்றை அது அடையாளம் காண வேண்டும்.

சொட்டு மருந்துக்கு உள்ள இடர்ப்பாடும் இதுவே. கட்சாலில் பிறக்கும் குழந்தைக்கு ஆறாம், பத்தாம், பதினான்காம் வாரங்களில் ரோட்டா சொட்டு மருந்து புகட்டப்பட வேண்டும். குளிர்ப்பெட்டியில் பனிக்கட்டிகளுக்கு நடுவே கடல் கடந்து அம்மருந்து வருகிறது. நாவில் விழும் அச்சொட்டுகள், உள்ளே வருபவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளப் பழகிவரும் ஒரு குடலைச் சென்றடைகின்றன. அவற்றை மட்டும் அது உற்றுநோக்கி நினைவில் வைக்க வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

பொறை – பொறுமை, சுமை
அழற்சி – திசு சிவந்து வீங்கி வெப்பமுறுதல்
சீம்பால் – மகப்பேற்றுக்குப்பின் முதலில் சுரக்கும் பால்
குடலுறிஞ்சி – செரித்த உணவை உறிஞ்சும் விரல் போன்ற நீட்சி

பயிற்சி

1. கிடியன் வெல்சின் சோதனையில் முட்டைப் புரதத்தை முன்பே உண்ட விலங்குகள் ஏன் பிழைத்தன? உம் சொற்களில் எழுதுக.

2. நோயெதிர்ப்பைப் போராக உருவகிப்பதைக் கட்டுரையாசிரியர் ஏன் ஏற்கவில்லை? நீர் உடன்படுகிறீரா? உம் ஊரிலிருந்து வேறோர் உவமையைக் காட்டி விளக்குக.

3. வேலூர் ஆய்வில் கண்ட குடல் மாற்றம் பிறவியமைப்பு அன்று என்பதற்குப் பாடத்தில் உள்ள இரு சான்றுகளைத் தருக.

4. இலக்கணக் குறிப்புத் தருக: தணியா அழற்சி, சோறும் குழம்பும், பொறுத்தல், உண்டவை.

5. பிரித்து எழுதுக: அயற்பொருள், பேரளவு, அவ்வமைதி.

6. உம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ குழந்தைக்கு முதன்முதலில் ஊட்டிய உணவுகள் யாவை எனப் பெரியோரிடம் கேட்டறிந்து, அவ்வுணவுகளின் பெயர்களைத் தமிழிலும் உம் நண்பரின் தாய்மொழியிலும் அட்டவணையாக எழுதுக.